வெளிச்சம் ஒரு மேஸ்திரி!

செமினார் ஹால். ஹெச்.ஓ.டி. இன்னும் வரவில்லை. ப்ரொஜக்டரை மட்டும் ஆன் பண்ணியாச்சு. ஸ்க்ரீனில் வெறும் நீலச் சதுரம். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு கை எழும்புகிறது. ஸ்க்ரீனில் ஒரு நாய் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அடுத்து ஒரு முயல். அடுத்து ரெண்டு கொம்பு, அதுவும் சரியாக மைக் முன்னாடி நிற்கும் க்ளாஸ் ரெப் தலைக்கு மேலே! ஹால் முழுக்க சிரிப்பு.

இந்த விளையாட்டை நீங்களும் ஆடியிருப்பீங்க. இப்போ ஒரு சின்ன மாற்றம். அந்த நீலச் சதுரம் ஸ்க்ரீனில் விழாமல், ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் விழுகிறது என்று வெச்சுக்குங்க. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும், தண்ணீருக்குள் ஏதோ ஒன்று தானாகவே கட்டி எழும்புகிறது. வெளிச்சத்தை நகர்த்தினால் அதுவும் பின்னாடியே வருகிறது. லைட்டை அணைத்தால் கலைந்து போகிறது.

மாயாஜாலப் படம் இல்லை பாஸ். 2019 ஆகஸ்டில் ‘நேச்சர்’ ஆராய்ச்சி இதழில் வந்த விஷயம். அமெரிக்காவின் பாசடேனா நகரில் உள்ள கால்டெக்கில் டைலர் ராஸ், ராப் பிலிப்ஸ், மேட் தாம்சன் உள்ளிட்ட ஆறு பேர் செய்து காட்டியது. அவர்கள் கட்டியது வீடு இல்லை, பாலம் இல்லை. நம் உடம்பின் செல்களுக்குள் ஓடும் நூலிழைகளை வைத்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன நட்சத்திரங்கள்.

‘சரி, நட்சத்திரம் கட்டி என்ன ஆகப் போகுது?’ன்னு கேட்கத் தோணுதா? நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன், என் அத்தையின் விரல்களைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அத்தையும் மல்லிகைப் பூவும்

அத்தைக்கு நிலக்கோட்டை பக்கம். பூ கட்டுவதுதான் தொழில். மடியில் ஒரு குவியல் குண்டுமல்லி, பெருவிரலில் சுற்றிய வாழைநார். டி.வி. பார்த்துக்கொண்டே கட்டுவாங்க. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவாங்க. கரண்ட் போனால் நாங்கள் எல்லாம் மெழுகுவத்தியைத் தேடி ஓடுவோம். அத்தை கை மட்டும் நிற்காது. இருட்டிலேயே ரெண்டு ரெண்டு பூவாக எடுத்து, திருப்பி வைத்து, நாரை வளைத்து ஒரு முடிச்சு. கரண்ட் வரும்போது அரை முழம் கூடியிருக்கும்!

சில வருஷம் முன்னாடி அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். பாக்லிடாக்சல் என்ற மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள், கொட்டியது. அதுக்கு அத்தை தயாராகத்தான் இருந்தாங்க. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, “ஷாம்பூ செலவு மிச்சம்டா”ன்னு சிரிச்சாங்க. அவங்க தயாராக இல்லாதது இன்னொன்றுக்கு. விரல் நுனி எல்லாம் மரத்துப் போச்சு. பூவை எடுத்தால் பூ கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை.

“விரல் இருக்குதுடா. ஆனா இருக்குறது எனக்குத் தெரியலை” என்று ஒருநாள் சொன்னாங்க. அன்னிக்கு சிரிக்கலை.

மருந்து வேலை செய்தது. அத்தை பிழைத்தாங்க. அந்த மருந்துக்கு நன்றி சொல்லாமல் அடுத்த வரி எழுத மாட்டேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. நோய் இருந்த இடம் ஒன்று. மருந்து ஏன் விரலுக்குப் போய் வேலை காட்டியது?

பதில் அந்த நூலிழைகளில் இருக்கிறது.

உடம்புக்குள் ஒரு தண்டவாளம்

நம்முடைய செல்களுக்குள் மைக்ரோட்யூப்யூல் என்ற நுண்குழாய்கள் இருக்கின்றன. டியூபுலின் என்ற புரதம் செங்கல் செங்கலாக அடுக்கிச் சேர்ந்து உருவாகும் குழாய் இது. குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே, இந்தக் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் சுமாராக 3,000 வைக்கலாம்.

இந்தக் குழாய் சும்மா கிடப்பதில்லை. இதன் மேல் ஆள் நடக்கிறது! ஆள் என்றால் கைனெசின் என்ற மோட்டார் புரதம். இதை 1985-ல் கண்டுபிடித்தார்கள். ரெண்டு கால் மாதிரி ஒரு அமைப்பு. ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்தால் ஒரு அடி. ஒரு அடி என்பது 8 நானோமீட்டர். நொடிக்கு சுமார் 100 அடி வைக்கும். முதுகில் மூட்டை! செல்லின் ஒரு மூலையில் தயாரான சரக்கை இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை. நம்ம கோயம்பேடு லோடுமேன் அண்ணன்களுக்குத் தம்பி என்று சொல்லலாம்.

இப்போ அத்தை விரலுக்கு வாங்க. முதுகுத்தண்டின் பக்கத்தில் இருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் போகும் ஒரு நரம்புச் செல்லின் நீளம் சுமார் ஒரு மீட்டர். கை விரலுக்குப் போவதும் நீளமானதுதான். அந்த நீளம் முழுக்க சரக்கு போயாக வேண்டும். 8 நானோமீட்டர் அடி வைத்து ஒரு மீட்டர் போகணும்னா பன்னிரண்டரை கோடி அடி! ஒரே மோட்டார் முழுக்க நடக்காது. ரிலே ரேஸ் மாதிரி மாற்றி மாற்றித்தான். ஆனால் தண்டவாளம் சரியாக இருக்க வேண்டும்.

புற்றுநோய் செல்லுக்கும் இதே குழாய்கள்தான் உயிர்நாடி. ஒரு செல் ரெண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரித்து இழுப்பது இந்தக் குழாய்களால் ஆன அமைப்பு. அதற்குக் குழாய்கள் நீளணும், சுருங்கணும், மறுபடி நீளணும். பாக்லிடாக்சல் என்ன செய்கிறது தெரியுமா? குழாயை அப்படியே உறைய வைத்துவிடுகிறது. பசிஃபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் இருந்து வந்த மருந்து இது. இது குழாய்களை உடைப்பதில்லை, கலையவிடாமல் பிடித்து வைக்கிறது என்று 1979-ல் காட்டியவர் சூசன் ஹார்விட்ஸ். நீள முடியாமல், சுருங்க முடியாமல், பிரிய முடியாமல் திணறும் புற்றுநோய் செல் செத்துப்போகிறது.

பிரச்னை எங்கே என்றால், மருந்து ரத்தத்தில் உடம்பு முழுக்கப் போகிறது. முடியின் வேர் செல்களும் வேகமாகப் பிரிபவை. அங்கேயும் பிரேக். நரம்புச் செல் பிரிவதில்லை. ஆனால் அதன் தண்டவாளமே இந்தக் குழாய்தானே! விரலும் பாதமும் மரத்துப்போவதற்கு இந்தப் போக்குவரத்துச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தூரமான ஸ்டேஷன்தான் முதலில் அடிவாங்குகிறது.

செடிகள் இந்த விஷயத்தில் பலே கில்லாடிகள். நம்ம வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. அது டியூபுலின் செங்கல்களைக் குழாயாகச் சேரவிடாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ள கோல்ச்சிசினும் அதே ரகம்தான். அதன் கிழங்கு கடும் விஷமாக இருப்பதற்கும் அதுவே காரணம். கோடிக்கணக்கான வருஷப் பரிணாமத்தில் செடிகள் இந்தக் குழாயைக் குறிவைக்கக் கற்றுக்கொண்டன. ஆனால் ஒன்றை மட்டும் கற்கவில்லை. ‘எங்கே’ என்று சொல்லத் தெரியாது. பட்ட இடமெல்லாம் வேலை!

அந்த ‘எங்கே’தான் இந்த வாரக் கதையின் ஹீரோ.

அடங்காத நட்சத்திரங்கள்

செல்லுக்கு வெளியே, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இந்தக் குழாய்களையும் மோட்டார்களையும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? 1997-ல் ஃப்ரான்ஸ்வா நெடெலெக், தாமஸ் சர்ரே, ஸ்டானிஸ்லாஸ் லைப்லர் குழுவினர் பார்த்துவிட்டார்கள். அவர்கள் செய்த தந்திரம், மோட்டார்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டது. இப்போ ஒரு மோட்டார் ஒரு குழாயில் நடக்கும். அதோடு கோத்த மோட்டார் பக்கத்துக் குழாயில் நடக்கும்.

இதை மனசுக்குள் ஓட்டிப் பாருங்க. ரெண்டு மூங்கில். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆள். ரெண்டு பேரும் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூங்கிலின் நுனியை நோக்கி நடக்கிறார்கள். கையை விடவே மாட்டார்கள். நுனியை அடையும்போது என்ன ஆகும்? ரெண்டு மூங்கிலின் நுனியும் ஒன்றையொன்று நெருங்கி வந்திருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான குழாய், ஆயிரக்கணக்கான ஜோடி. நுனிகள் எல்லாம் ஒரு இடத்தில் குவிய, அடிகள் எல்லாம் வெளியே விரியும். விளக்குமாற்றின் குச்சிகளை ஒரு பக்கம் இறுக்கிக் கட்டினால் மறுபக்கம் விரியுமே, அது மாதிரி நாலா பக்கமும். அதுதான் ஆஸ்டர். கிரேக்க மொழியில் நட்சத்திரம் என்று அர்த்தம்.

யாரும் ப்ளான் போட்டுத் தரவில்லை. ஒவ்வொரு குழாயையும் யாரும் எடுத்து வைக்கவில்லை. சேர்க்கும் மோட்டாரின் அளவைப் பொறுத்து சில சமயம் நட்சத்திரம் வந்தது, சில சமயம் சுழல் வந்தது. பார்க்க பிரமாதம்! ஆனால் கலக்கிவிட்ட பிறகு, ‘இந்த மூலையில் ஒண்ணு வேணும், அந்த மூலையில் வேண்டாம்’ என்று யாரிடம் போய்ச் சொல்வது? மோட்டார்களின் கை நிரந்தரமாகக் கோத்தது. பிரிக்கவும் முடியாது. ஆள் இருக்கு, சரக்கு இருக்கு, மேற்பார்வைக்கு ஆள் இல்லாத சைட் மாதிரி!

ஓட்ஸ் தந்த ஸ்விட்ச்

இங்கேதான் வெளிச்சம் உள்ளே வருகிறது, அதுவும் ஒரு தானியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஜன்னல் ஓரம் வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் வளைவதைப் பார்த்திருப்பீங்க. 1880-ல் சார்லஸ் டார்வினும் மகன் ஃப்ரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனிக்கு மட்டும் ஒரு குல்லா போட்டுப் பார்த்தார்கள். நாற்று வளையவில்லை! வெளிச்சத்தை உணர்வது நுனி என்று தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1990-களில், அந்த உணர்வுக்குக் காரணமான புரதம் அகப்பட்டது. பேர் ஃபோட்டோட்ரோபின். அதற்குள் வைட்டமின் பி2-வில் இருந்து உருவாகும் ஒரு சின்ன மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. நீல வெளிச்சம் பட்டால் அது புரதத்தோடு ஒரு பிணைப்பைப் போடுகிறது. உடனே புரதத்தின் வால் ஒன்று, மடித்து வைத்த கத்தி மாதிரி, அவிழ்கிறது. இருட்டானால் மறுபடி மடிந்துகொள்கிறது. ஒரு ஸ்விட்சுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

காலை டிஃபனுக்கு டயட் என்ற பேரில் சாப்பிடுகிறோமே, அந்த ஓட்ஸ் செடியின் ஃபோட்டோட்ரோபினில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அதன் வாலுக்குள் ஈ.கோலை பாக்டீரியாவில் இருந்து ஒரு குட்டிக் கொக்கியை ஒளித்து வைத்தார்கள். அந்தக் கொக்கியைப் பிடிக்கும் வளையமும் ஈ.கோலையில் இருந்தே எடுத்த இன்னொரு புரதம். இருட்டில் கொக்கி வாலுக்குள் மறைந்திருக்கும். நீல வெளிச்சத்தில் வால் அவிழும், கொக்கி வெளியே வரும், வளையம் மாட்டிக்கொள்ளும். 2015-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ப்ரையன் குல்மன் குழு செம்மைப்படுத்தித் தந்த ஜோடி இது.

கால்டெக் குழு செய்தது இதைத்தான். பாதி மோட்டார்களின் முதுகில் கொக்கி. மீதிப் பாதியின் முதுகில் வளையம். அவ்வளவுதான்!

செங்கல் தூக்காத மேஸ்திரி

இப்போ அந்தத் தண்ணீர்ச் சொட்டைப் பாருங்க. அதற்குள் குழாய்கள் இருக்கின்றன. மோட்டார்கள் இருக்கின்றன. எரிபொருளாக ஏ.டி.பி. இருக்கிறது. இருட்டு. மோட்டார்கள் தனித்தனியாகக் குழாய்களில் ஏறுகின்றன, நடக்கின்றன, விழுகின்றன. யாரும் யாரோடும் கை கோக்கவில்லை. எதுவும் உருவாகவில்லை.

மைக்ராஸ்கோப்புக்குள் ஒரு ப்ரொஜக்டர் வழியாக நீல வட்டம் ஒன்றை விழ வைக்கிறார்கள். வட்டத்துக்குள் இருக்கும் மோட்டார்கள் மட்டும் கை கோக்கின்றன. குழாய்கள் இழுபடுகின்றன, குவிகின்றன. சில நிமிஷத்தில் ஒரு நட்சத்திரம்! வட்டத்துக்கு வெளியே பழைய அமைதி. பெரிய வட்டம் போட்டால் பெரிய நட்சத்திரம். வட்டத்தை மெதுவாக நகர்த்தினால் நட்சத்திரம் கூடவே வரும். ரொம்ப அவசரப்பட்டால் பின்தங்கிவிடும். ரெண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு நீலக் கோடு போட்டால், நடுவில் உள்ள குழாய்கள் பின்னிக்கொண்டு ரெண்டையும் இழுத்து ஒன்றாக்கும். சுற்றி இருக்கும் தண்ணீரும் சும்மா இருக்காது, இழுப்பில் ஓட ஆரம்பிக்கும். ஆக, வெளிச்சத்தால் கோலம் போட்டு நீரோட்டத்தையே வரையலாம். லைட்டை நிறுத்தினால் சில பத்து நொடிகளில் கொக்கிகள் கழலும், குழாய்கள் மெல்லக் கலைந்து போகும்.

இதில் நான் அசந்துபோன இடம் எது தெரியுமா? வெளிச்சம் எதையும் தூக்கவில்லை.

வெளிச்சத்தால் தூக்கவும் முடியும். ஆர்தர் ஆஷ்கின் என்ற பெல் லேப்ஸ் விஞ்ஞானி லேசர் கற்றையைக் குவித்து, ஒரு துகளை இடுக்கி மாதிரி பிடித்துக் காட்டினார். 1987-ல் உயிரோடு இருக்கும் பாக்டீரியாவையே பிடித்தார். 2018-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயசு 96! கைனெசின் ஒரு அடிக்கு 8 நானோமீட்டர் போகிறது என்பதே 1993-ல் அந்த ஒளி இடுக்கியை வைத்து அளந்ததுதான். ஆனால் இடுக்கி என்பது கை. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கணும். ஆயிரக்கணக்கான குழாய்களை அப்படி எடுத்து வைத்துக் கட்டி முடிப்பதற்குள் உங்க அரியர் எல்லாம் க்ளியர் ஆகிவிடும்.

கால்டெக் சொட்டில் தூக்கும் சக்தி முழுக்க மோட்டார்களுடையது. எரிபொருள் ஏ.டி.பி.யுடையது. வெளிச்சம் சொல்வது ஒன்றே ஒன்று: ‘இங்கே கை கோக்கலாம், அங்கே கூடாது.’

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியைப் பார்த்திருப்பீங்க. சாந்து குழைப்பது ஒருவர், கல் சுமப்பது இன்னொருவர். மேஸ்திரி நூல் பிடித்துக் கோடு போடுவார். ‘சுவர் இது வரைக்கும்தான்’ என்பார். அந்தக் கோடு இல்லாவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் வெறும் மணல் மேடு. எங்கே, எப்போ என்று சொல்வதும் ஒரு வேலைதான். பல சமயம் அதுதான் பெரிய வேலை.

அப்போ அத்தைக்கு?

இப்போ அத்தை கதைக்குத் திரும்பலாம். வெளிச்சத்தால் ‘எங்கே’ என்று சொல்ல முடியும் என்றால், மருந்துக்கும் சொல்லலாமே?

இதையும் யோசித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் டிர்க் ட்ரானர், ஆலிவர் தார்ன்-செஷோல்ட் குழு 2015-ல் ‘செல்’ இதழில் எழுதினார்கள். நுண்குழாய்களைத் தடுக்கும் மருந்து மூலக்கூறு ஒன்றை, வெளிச்சம் பட்டால் வளைந்து வேலை செய்யும் மாதிரி, இல்லாவிட்டால் நீண்டு சும்மா இருக்கும் மாதிரி மாற்றிவிட்டார்கள். பேர் ஃபோட்டோஸ்டேட்டின். நீல வெளிச்சம் பட்ட செல்லில் மட்டும் பிரிதல் நிற்கிறது. பக்கத்து செல் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது.

உடனே கைதட்ட வேண்டாம். ஒரு சின்ன சோதனை செய்யுங்க. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை விரலின் அடியில் அழுத்திப் பிடிங்க. விரல் சிவப்பாக ஜொலிக்கும். டார்ச் வெளிச்சம் வெள்ளைதானே, நீலம் எங்கே போச்சு? உங்க தோலும் ரத்தமும் அதை வழியிலேயே விழுங்கிவிட்டன. நீல வெளிச்சம் சதைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்கே திண்டாடும். உடம்பின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வெளிச்சத்தை எப்படிக் கொண்டுபோவது என்பது லேசான கேள்வி இல்லை. 2015-ல் அவர்கள் காட்டியது சோதனைக்கூடத்தில். அது ஆஸ்பத்திரி மருந்து இல்லை. கால்டெக் நட்சத்திரங்களுக்கும் அதே கதைதான். அது சுத்தம் செய்து எடுத்த புரதங்களின் சொட்டு. ஏ.டி.பி. தீர்ந்தால் ஆட்டம் க்ளோஸ்.

அப்படியானால் லாபம்? செல் பிரியும்போது குழாய்கள் எப்படித் தங்களைத் தாங்களே அடுக்கிக்கொள்கின்றன என்ற கேள்வியை, இனிமேல் செல்லைக் கொல்லாமல், மருந்தை ஊற்றாமல், வெளிச்சத்தை அங்கே இங்கே மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். எங்கே கை கோத்தால் என்ன ஆகும், எப்போ விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக. எதை நிறுத்தினால் புற்றுநோய் செல் மட்டும் தடுமாறும் என்று தெரிந்துகொள்ளும் பாதை இப்படிப்பட்ட கேள்விகள் வழியாகத்தான் போகும். டார்வின் நாற்றுக்குக் குல்லா போட்டபோது, அது புற்றுநோய் ஆராய்ச்சி வரைக்கும் வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

போன மாசம் ஒரு காலேஜ் விழாவில், செகண்ட் இயர் பிசிக்ஸ் தம்பி ஒருத்தர் என்னிடம் கேட்டார். “அண்ணா, எனக்கு பயாலஜி பிடிக்கும். ஆனா ப்ளஸ் டூ-ல மேக்ஸ் குரூப் எடுத்துட்டேன். இனிமே அந்தப் பக்கம் போக முடியாதுல்ல?” அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வந்த ராப் பிலிப்ஸ், காலேஜ் வாத்தியார் ஆவதற்கு முன்னால் சில வருஷம் ஊர் சுற்றி, தானே படித்து, எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். அப்புறம் பிசிக்ஸில் பி.ஹெச்.டி. அப்புறம் பல வருஷம் உலோகம், படிகம் என்று ஆராய்ச்சி. அதற்கப்புறம்தான் செல்லுக்குள் நுழைந்தார். குரூப் என்பது ப்ளஸ் டூ அப்ளிகேஷனில் ஒரு கட்டம். கேள்விக்கு அந்தக் கட்டம் தெரியாது.

அத்தையைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். மரத்துப்போனது பாதி சரியாகிவிட்டது. நுனி மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மறுபடி பூ கட்ட ஆரம்பிச்சாச்சு. முன்னே மாதிரி டி.வி. பார்த்துக்கொண்டு இல்லை. ஒவ்வொரு பூவையும் குனிந்து பார்த்து, நார் வளைந்ததா என்று கண்ணால் உறுதி பண்ணி, அதுக்கப்புறம் முடிச்சு. நாலு முழம் கட்டும் நேரத்தில் ஒன்றரை முழம் வருது.

பேசிக்கொண்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. அத்தை கை நின்றுவிட்டது. நான் செல்போன் டார்ச்சை ஆன் பண்ணி, அவங்க விரல் மேல் பிடித்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழே காட்டுடா”ன்னாங்க. “ம்... அங்கேதான்.”

முடிச்சு விழுந்தது.

அடுத்த வாரம் பார்க்கலாம்!